பாற்பல்லும் பாலர் வயதும்

வயது என்பது எல்லாருக்கும் உரியதாயினும், ஒரு மாதம் கூடுவதும் குறைவதும் எல்லாருக்கும் ஒரே பெறுமதி உடையன அல்ல. அறுபது வயதினர் ஒருவரை அறுபத்தொரு வயதினர் என்று ஏட்டில் எழுதிவிட்டால் பெருந்தீங்கு எதுவும் விளைவதில்லை. எட்டு மாதக் குழந்தையைப் பதினான்கு மாதக் குழந்தை என்று எழுதிவிட்டாலோ, அக்குழந்தையின் வளர்ச்சி, உணவு, தடுப்பூசி ஆகியவை பற்றிய கணக்கு அனைத்தும் நிலைகுலைந்துவிடும். வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் ஒரு படியாகும். படி தவறினால் கணக்கும் தவறும்.

பிறந்த தேதிதான் பதிவேட்டில் இருக்கிறதே, பின்னர் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. இலங்கையிலே பிறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டிலே சட்டத்தால் நிலைநாட்டப்பட்டது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதனை மேலும் ஒழுங்குபடுத்தியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே குழந்தைகள் பெரும்பாலும் வைத்தியசாலைகளிலேயே பிறக்கின்றன. பிறந்த நாளும் நிறையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடிவந்து அதனைப் பார்வையிடுகிறார். இவ்வளவு ஒழுங்குள்ள நாட்டில் ஒரு குழந்தையின் வயது தெரியாமற் போவது எங்ஙனம்?

ஏடு, பெட்டியுள் இருக்கும்வரைதான் ஏடு. 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தோளில் இட்டுக்கொண்டு, மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களுள், பத்திரங்களைத் தேடி எடுக்க அவகாசம் கிடைக்காதவர் பலர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் தேதி வடமராட்சிக் கரையோரத்திலே கடல் வந்து வீடுகளை வாரிக்கொண்டபோது, வீட்டோடு பெட்டியும் பெட்டியோடு பத்திரமும் போயின. இத்தகைய காலங்களிலே முகாமில் அமர்ந்து குழந்தைகளை நிறுக்கும் தாதிக்கு முன்னால், தாயை இழந்த குழந்தையும் வரும்; தேதி அறியாத பாட்டனார் கையைப் பிடித்துக்கொண்டும் குழந்தை வரும். உலகிலே பிறப்புப் பதிவு இன்னும் முழுமை பெறாத நாடுகள் பல உள்ளன. அங்கெல்லாம் இந்நிலை நாள்தோறும் உள்ளது.

வயது தெரியாவிடின் என்ன கெடும் என்பதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். ஓர் ஆண் குழந்தையைத் தராசில் இடுகிறோம். அதன் நிறை 8.5 கிலோகிராம். இந்த நிறை நல்லதா, தீயதா? தராசு விடை சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவைகளின்படி, 12 மாத ஆண் குழந்தையின் நடுநிறை 9.6 கிலோகிராம், 7.7க்குக் கீழே சென்றாற்றான் நிறை குறைந்த குழந்தை என்று கொள்வர். ஆகவே நமது குழந்தைக்கு ஓராண்டு எனின், சற்று மெலிந்தது என்பதன்றி அஞ்சவேண்டியது இல்லை. அதே குழந்தைக்கு 18 மாதம் எனின், கீழெல்லை 8.8 கிலோகிராம், குழந்தை எல்லைக்குக் கீழே போய்விட்டது. 24 மாதம் எனின், கீழெல்லை 9.7, மிகக் கடுமையான குறைவைக் காட்டும் எல்லை 8.6. நமது குழந்தை அதற்கும் கீழே நிற்கிறது. குழந்தை ஒன்று, நிறை ஒன்று. வயது மட்டும் மாறியபோது தீர்ப்பு மூன்றாக மாறியது. முதலாவது குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம். மூன்றாவது குழந்தையைத் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டல் வேண்டும். வயதை அறியாது நிறுத்தல், அளவுகோலின் எண்களை அழித்துவிட்டுத் துணியை அளப்பது போன்றதாகும்.

அப்படியாயின் குழந்தையின் தோற்றத்தைக் கண்டு வயதை மதித்துக்கொள்ளலாகாதா? இங்கேதான் ஒரு பெரிய வழுக்கல் உள்ளது. உயரமும் நிறையும் உணவினாலும் நோயினாலும் மாறுவன. போதிய உணவின்றி வாடிய இரண்டு வயதுக் குழந்தை, உயரத்தால் ஒன்றரை வயதினதாகவே தோன்றும். அதனை ஒன்றரை வயது என்று எழுதிவிட்டு, ஒன்றரை வயதுக்குரிய அளவோடு ஒப்பிட்டால், குழந்தை நன்றாகவே வளர்ந்திருக்கிறது என்ற விடை வரும். எந்தக் குறையைத் தேடினோமோ அந்தக் குறையையே அளவுகோலாக்கி அதனை மறைத்துவிட்டோம். ஆதலால், உணவுக் குறையினால் எளிதில் அசையாத வேறொரு சான்று வேண்டும். அந்தச் சான்று குழந்தையின் வாயினுள்ளே இருக்கிறது.

பாற்பற்கள் மொத்தம் இருபது. தாடைக்குப் பத்தாக அமைவன. குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்து முதற் பல் தோன்றுவதனால், பல் அப்போதுதான் உண்டாகிறது என்று கருதுவார் உளர். உண்மை அதுவன்று. தாய் வயிற்றிலே ஏறக்குறைய நான்காம் மாதத்திலேயே பாற்பற்களில் சுண்ணச் சத்துப் படியத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போது இருபது பற்களின் முடிகளும், சில பெரும்பகுதியும் சில சிறிதளவும் உருவாகித் தாடையெலும்பினுள்ளே காத்திருக்கின்றன. பிறந்த நாளின் அடையாளமாகப் பல்லின் மிளிரியிலே நுண்ணிய கோடொன்று பதிவதனையும், நுணுக்குக்காட்டியின் துணையால் ஆராய்ச்சியாளர் காண்கின்றனர். வேலையின் பெரும்பங்கு கருப்பையிலே தாயின் காப்பில் நடைபெற்றுவிடுவதனாலும், உடலானது எலும்பின் வளர்ச்சியைக் குறைக்கும் வேளையிலுங்கூடப் பல்லின் வளர்ச்சியை எளிதிற் குறைப்பதில்லை ஆதலாலும், பல் முளைக்கும் காலம் உணவுக் குறையினாற் பெரிதும் பிந்துவதில்லை. நிறை பின்வாங்கிய இடத்திலும் பல் தன் கணக்கை ஒருவாறு காத்து நிற்கும். இதுவே இம்முறையின் அடிப்படை.

பற்கள் தோன்றும் முறையும் ஓர் ஒழுங்குடையது. முதலில் வருவன கீழ்த்தாடையின் நடுவிலுள்ள வெட்டும் பற்கள் இரண்டு. இவை பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துள் தோன்றும். மேல்தாடையின் நடுப் பற்கள் 8 முதல் 12 மாதத்துள் வரும். அவற்றின் பக்கத்திலுள்ள மேல் வெட்டும் பற்கள் 9 முதல் 13 மாதத்திலும், கீழ் வெட்டும் பற்கள் 10 முதல் 16 மாதத்திலும் வெளிப்படும். இவ்வாறு முன்பற்கள் எட்டும் நிறைந்தபின், வரிசையிலே அடுத்த இடத்துக்குரிய வேட்டைப் பல் வரும் என்று எதிர்பார்த்தல் இயல்பு. ஆனால் அதற்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, முதற் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதத்துள் முளைக்கின்றன. அதன் பின்னரே வேட்டைப் பற்கள் 16 முதல் 23 மாதத்துள் வந்து இடைவெளியை நிரப்புகின்றன. இறுதியாக இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதத்துள் தோன்றி இருபதையும் நிறைவாக்குகின்றன. இவ்வரிசையை அறிந்தவர், வாயில் எத்தனை பல் உள்ளது என்பதனோடு எந்தப் பல் உள்ளது என்பதனையும் நோக்கித் தம் மதிப்பைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

குழந்தையின் பருவத்தை மாதக் கணக்காற் பகுத்து நோக்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களை வகுத்தனர். தலையை நிமிர்த்தி ஆடுதல், கைகொட்டுதல், தளர்நடை இடுதல் என்னும் செயல்களே அவர்களுக்கு அளவுகோல்களாக நின்றன. யாழ்ப்பாணத்து மனைகளிலே பல் முளைத்தலும் அத்தகைய ஓர் அளவுகோலாகவே போற்றப்படுகிறது. முதற் பல் தோன்றியதும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். கொழுக்கட்டையின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுக்களைப் பற்களைப் போலப் பதித்து, குழந்தையை நடுவில் இருத்தி, வெள்ளைத் துணியால் மூடி, அதன் தலைமீது கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். பின்னர் ஏடும் எழுதுகோலும் பொன்னும் பிறவும் முன்னே பரப்பி, குழந்தை எதனை எடுக்கிறது என்று சுற்றத்தார் கூடி நின்று பார்த்து மகிழ்வார்கள். இச்சடங்கு மகிழ்ச்சிக்குரியதாதலோடு, வயதை ஆராய்வார்க்கும் பயன்படுவதாகும். பிறந்த தேதியை மறந்த குடும்பத்தினரும், பல்லுக்கொழுக்கட்டைக்கு யார் யார் வந்தார்கள் என்பதனை மறப்பதில்லை. அந்நாள் பொங்கலுக்கு முன்னதோ பின்னதோ என்று கேட்டறிந்தால், அப்போது குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு முதல் பத்து மாதம் இருந்திருக்கும் என்று கணக்கைத் தொடங்கலாம்.

மருத்துவ அறிவைத் தமிழிலே சொல்லும் முயற்சிக்கும் இக்குடாநாடு பழைய இடமாகும். 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மாணவர்க்கு மருத்துவம் பயிற்றி, உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக வெளியிடச் செய்தார். பல்லின் இயல்பைத் தமிழிற் சொல்வது அருமையன்று என்பது அக்காலத்திலேயே காட்டப்பட்டுவிட்டது.

இனி முறைக்கு வருவோம். இம்முறை ஒரு சிறிய வாய்பாட்டில் அடங்கும். குழந்தையின் வாயிலுள்ள பற்களை எண்ணுக. வந்த எண்ணுடன் ஆறைக் கூட்டுக. கிடைப்பது மாதக் கணக்கில் அதன் வயது. இரண்டு பல் எனின் எட்டு மாதம். ஆறு பல் எனின் ஓராண்டு. பன்னிரண்டு பல் எனின் ஒன்றரை ஆண்டு. ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரையுள்ள குழந்தைகளுக்கே இவ்வாய்பாடு பொருந்தும். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் ஆறுதலாக வருவனவாதலால், பதினாறு பல்லுக்கு மேற்பட்டபின் வாய்பாடு வயதைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். அங்கே அதனை நம்பலாகாது.

ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் குழந்தை மருத்துவம் பயிற்றிய டெரிக் ஜெலிஃப் என்பவர், மக்கட் கூட்டத்தின் போசணை நிலையை அறியும் வழிகள் பற்றி 1966ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடாக நூலொன்று எழுதினார். பிறந்த தேதி தெரியாத இடங்களில் பற்களை எண்ணுதலும், ஊர் நிகழ்ச்சிகளைக் கொண்டு தேதியை மதித்தலும் அந்நூலில் எடுத்துரைக்கப்பட்டன. 1968ஆம் ஆண்டில் மக்கிரெகர், தொம்சன், பில்லெவிக்ஸ் என்னும் மூவர், மேற்கு ஆபிரிக்காவின் காம்பியா நாட்டுக் கிராமக் குழந்தைகளின் பாற்பற்களை ஆராய்ந்து, வயதை மதிக்க அவை எவ்வளவுக்கு உதவும் என்பதனைத் துருவி நோக்கினர். 1990ஆம் ஆண்டில் டவுன்செண்ட், ஹமெல் என்னும் இருவர், குடிசனக் கணிப்பாளர்க்கும் இம்முறை உதவும் என்று எழுதினர். வைத்தியரின் கையிலிருந்த முறை இவ்வாறு குடித்தொகை ஆய்வாளரின் கைக்கும் சென்றது.

பல்லை எண்ணுதல் எளிது போலத் தோன்றினும் அதற்கும் ஒழுங்குண்டு. எண்ணுபவர் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளல் வேண்டும். தாயும் எண்ணுபவரும் முழங்காலோடு முழங்கால் பொருந்த எதிரெதிரே அமர்ந்து, குழந்தையைத் தாயின் முகம் தெரியும்படி இருவர் மடியிலும் மல்லாத்திக் கிடத்தினால், குழந்தை அதிகம் அஞ்சாது. தலையும் எண்ணுபவர் மடியில் அசையாது நிற்கும். பகல் வெளிச்சத்திலே மேல்தாடையை முதலிலும் கீழ்த்தாடையைப் பின்னரும், வலப்புறத்திலிருந்து இடப்புறமாக எண்ணுக. ஈற்றைக் கிழித்துக்கொண்டு பல்லின் சிறு நுனி தெரிந்தாலும் அது ஒரு பல்லே. யாழ்ப்பாணத்து வழக்கில் முரசு என்று சொல்லும் அந்த ஈறு வீங்கி வெளுத்திருப்பினும், பல் வெளியே வராவிடின் அதனை எண்ணலாகாது. கண்ணுக்குப் புலப்படாத கடைவாய்ப் பல்லை விரலால் தடவி அறிதல் வேண்டும். விழுந்து உடைந்த பல்லையும் சூத்தை தின்ற பல்லையும் எண்ணிலிருந்து நீக்கலாகாது. அவை முளைத்தன என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இம்முறையின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒரே நாளிற் பிறந்த இரு குழந்தைகளுள் ஒன்றுக்கு ஐந்தாம் மாதத்திலும் மற்றதற்குப் பதினோராம் மாதத்திலும் முதற் பல் தோன்றலாம். இரண்டும் நலமுள்ள குழந்தைகளே. ஏறக்குறைய இரண்டாயிரம் மூவாயிரம் குழந்தைகளுள் ஒன்று பல்லோடே பிறப்பதும் உண்டு. பெற்றோர்க்குப் பல் பிந்தி வந்திருப்பின் பிள்ளைக்கும் பிந்துதல் கூடும். மாதம் நிறையாது பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணும்போது பல் பிந்தி வரும். கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் அக்குழந்தையின் கணக்கும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே தனியொரு குழந்தையின் வயதைப் பல்லினாலே மதிக்கும்போது, சில மாதம் முன்னாகவோ பின்னாகவோ பிழைத்தல் இயல்பு. நூறு குழந்தைகளைச் சேர்த்து மதிக்கும்போதோ, முந்தியவற்றின் பிழையும் பிந்தியவற்றின் பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்து, கூட்டத்தின் சராசரி வயது உண்மைக்கு அண்மையாக வந்து நிற்கும். கூட்டத்தை அறிய இது நல்ல கருவி. தனிக் குழந்தைக்கோ துணைச் சான்று மட்டுமே.

இன்னொன்றையும் கருதல் வேண்டும். கடுமையான, நீண்டகால உணவுக் குறை பல் முளைத்தலையும் சிறிது பிற்படுத்தும். அப்போது பல் எண்ணிக்கை குழந்தையின் வயதைக் குறைத்தே காட்டும். வயது குறைந்தால் நிறை போதுமானது போலத் தோன்றும். அஃதாவது, இம்முறையிலுள்ள பிழை பசியை மறைக்கும் பக்கமாகவே சாய்கிறது. ஆகவே பல்லின்படி எல்லைக்கு அருகில் நிற்கும் குழந்தையை நலமுள்ளது என்று தள்ளிவிடாது, ஐயத்தின் பயனை அக்குழந்தைக்கே அளித்து மீண்டும் பரிசோதித்தல் முறையாகும்.

தனிக் குழந்தையின் வயதைச் செம்மையாக அறிய வழி யாது? பல்லோடு ஊர்நாட்காட்டியைச் சேர்த்து நோக்குதலே வழி. தேதியை அறியாத மூதாட்டியும் பருவத்தை அறிவார். யாழ்ப்பாணத்து ஆண்டு, நிகழ்ச்சிகள் நிறைந்த ஆண்டு. தைப்பொங்கலும் அதனை ஒட்டிய நெல்லறுவடையும் ஒரு காலம். பனங்கிழங்கு கிண்டுவது ஒரு காலம். சித்திரை வருடப்பிறப்பு, வைகாசி ஆனியில் நுங்கு, ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும், அதன்பின் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா, ஆவணி புரட்டாதியிலே பனம்பழம், கார்த்திகையில் விளக்கீடு, மார்கழியிலே திருவெம்பாவையும் நத்தாரும் என்று திங்கள்தோறும் ஓர் அடையாளம் உண்டு. சோளகக் காற்றா, வாடைக் காற்றா என்ற கேள்விக்குக் கடலோரத்தில் விடை சொல்லாதார் இல்லை. இஸ்லாமிய அன்பர்களின் பெருநாட்கள் பிறைக் கணக்கைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னாக வருவன; ஆதலால் அவற்றைக் கொண்டு கணக்கிடுவோர் எந்த ஆண்டு என்பதனை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

ஊர்நாட்காட்டி மாதத்தைச் சொல்லும். எந்த ஆண்டு என்பதில் தடுமாறும். பல்லோ ஆண்டைச் சொல்லும், மாதத்திலே தடுமாறும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதனால் இரண்டும் சேர்ந்தால் வலிமை பெறுகின்றன. வைகாசி மாதத்திலே ஒரு குழந்தையைப் பார்க்கிறோம் என்று கொள்வோம். தாய் உடனில்லை. அம்மம்மா சொல்கிறார்: “பிள்ளை பனம்பழக் காலத்திலே, நல்லூர்த் தேர் முடிந்த கிழமை பிறந்தவன்.” ஆகவே பிறந்தது ஆவணி மாதம். ஆனால் எந்த ஆவணி? சென்ற ஆவணி எனின் வயது 9 மாதம். அதற்கு முந்தியது எனின் 21 மாதம். அதற்கும் முந்தியது எனின் 33 மாதம். வாயைத் திறந்து பார்க்கிறோம். மூன்று பற்கள் உள்ளன. மூன்றும் ஆறும் ஒன்பது. குழந்தை சென்ற ஆவணியிற் பிறந்ததே. பதினான்கு பதினைந்து பற்கள் இருந்திருப்பின், அதற்கு முந்திய ஆவணி. இருபதும் நிறைந்திருப்பின் அதற்கும் முந்தியது. பத்துப் பற்கள் இருந்தால் என்ன செய்வது? வாய்பாடு 16 மாதம் என்கிறது. அஃது எந்த ஆவணியோடும் நன்கு பொருந்தவில்லை. அப்போது மூதாட்டியின் நினைவையும் நம் எண்ணிக்கையையும் மீண்டும் ஒருமுறை அமைதியாகச் சரிபார்த்தல் வேண்டும். இரு சான்றுகள் முரண்படும்போது ஒன்றை அவசரப்பட்டுத் தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது.

இரண்டரை வயதிற்குப்பின் பற்கள் மௌனமாகிவிடுகின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கும் இருபது, ஐந்து வயதுக் குழந்தைக்கும் இருபது. அவ்விடைக்காலத்திலே பல்லை எண்ணிப் பயனில்லை. தாடையின் உள்ளே உருவாகிவரும் நிலைப் பற்களை ஊடுகதிர்ப் படத்தில் நோக்கியே அப்பருவத்து வயதை மதிப்பர். ஏறக்குறைய ஆறு வயதில் மௌனம் கலைகிறது. கீழ்த்தாடையின் முன் பாற்பற்கள் ஆடி விழுகின்றன. இரண்டாம் கடைவாய்ப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதிய பெரும்பல் தோன்றுகிறது. பெற்றோர் பலர் இதனையும் பாற்பல் என்று எண்ணி, விழுந்து முளைக்கும் என்று பேணாது விடுகின்றனர். அது விழுந்தால் மீண்டும் முளையாது.

இந்த நிலைப் பற்களே ஒருகாலத்தில் ஏழைக் குழந்தைகளுக்குச் சாட்சி சொல்ல வந்தன. இங்கிலாந்திலே 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பட்டாலைகள் தவிர்ந்த நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என்றும், ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் கிழமைக்கு 48 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்றும் விதித்தது. ஆனால் வயதை மெய்ப்பிக்கும் பிறப்புப் பதிவு அந்நாட்டில் அப்போது இல்லை. அது தொடங்கியது 1837இலேதான். வறுமையால் பெற்றோரும் ஆதாயத்தால் முதலாளியும் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். உயரத்தைக் கொண்டு மதித்தால் உயர்ந்து வளர்ந்த சிறுவன் அகப்பட்டுக்கொள்வான். அதே 1837ஆம் ஆண்டிலே எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் வைத்தியர், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறார்களின் வாயைப் பரிசோதித்து, உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பத்தக்க சான்று என்று நூல் எழுதினார். பின்னாளிலே விக்தோரியா மகாராணியின் பல் வைத்தியராக விளங்கியவர் இவரே. அன்று பல்லின் சாட்சி ஆலையின் வாயிலில் நின்றது. இன்று அது தராசின் அருகில் நிற்கிறது. இரண்டிடத்திலும் அது தனக்காகப் பேசமுடியாத குழந்தைக்காகவே பேசுகிறது.

பல்லைப் பற்றிப் பேசும்போது தாய்மார்க்கு இரண்டு செய்திகளைச் சொல்லாது விடல் ஆகாது. முதலாவது, ஒன்றேகால் வயதாகியும் ஒரு பல்லேனும் தோன்றாவிடின் வைத்தியரிடம் காட்டுக. பெரும்பாலும் அது குடும்ப வழக்காகவே முடியும்; சிலபோது தைரொயிட் சுரப்பியின் குறையையோ, எலும்பு மென்மையாகும் நோயையோ அது முன்னறிவிக்கும். இரண்டாவது, பல் முளைக்கும்போது காய்ச்சலும் வயிற்றோட்டமும் வருதல் இயல்பு என்ற எண்ணத்தைக் கைவிடுக. பல் முளைத்தல் வாய்நீர் ஒழுகுதலையும் சிறு சிணுங்கலையும் உண்டாக்கலாம். கடுங்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் அது உண்டாக்குவதில்லை. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்துவரும் காலமும், குழந்தை தவழ்ந்து கண்டதை வாயிலிடும் காலமும், முதற் பல் முளைக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அதனாற் பல்லின்மேல் பழி விழுந்தது. பல் வயிற்றோட்டம் என்று வாளாவிருந்த வீடுகளிலே குழந்தைகள் நீர்வற்றி இறந்ததுண்டு. வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிக் கரைசலை உடனே ஊட்டத் தொடங்கி, வைத்தியசாலையை நாடுக.

முடிவாக ஒன்று. பல்லைக் கொண்டு வயதை அறிதல், ஏடு இல்லாத இடத்து உதவும் கருவி. ஏடு இருக்கும் இடத்தில் ஏடே சிறந்தது. பிறப்பைக் காலத்தோடு பதிவு செய்க. பதியாது விடுபட்ட பிறப்பைப் பின்னரும் பதியலாம். பதிவே காணப்படாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. சான்றிதழின் பிரதியொன்றை உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள். வளர்ச்சிப் பதிவேட்டிலே ஒரு மூலையில் முதற் பல் தோன்றிய நாளையும் குறித்து வையுங்கள். பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் அன்று அந்த ஒரு வரியை எழுதுவதற்குச் செல்வது ஒரு நிமிடம். என்றேனும் ஒருநாள் பத்திரம் தவறிப்போய், குழந்தையின் வயது யாதென்று ஒருவர் கேட்கும் வேளையிலே, அந்த ஒரு வரி உங்கள் பிள்ளைக்குச் சாட்சியாக நிற்கும்.